ஓர் அதிர்வெண்ணிலிருந்து பல பட்டைகளுக்கு: கம்பியில்லாப் பெருக்கிகளில் திறன் இழப்பைக் குறைத்த முயற்சிகளின் வரலாறு (1935–2016)

ஆய்வுச் சுருக்கம்

கம்பியில்லாத் தொடர்பில் பரப்பியின் இறுதிக் கட்டமாக அமையும் திறன் பெருக்கி, தான் பெறும் மின்திறனில் பெரும்பங்கை வெப்பமாக இழக்கிறது. இவ்விழப்பைக் குறைக்க 1935 முதல் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. வெற்றிடக்குழாய், டிரான்சிஸ்டர், காலியம் நைட்ரைடு என்னும் கருவி வளர்ச்சியின் வரிசையாக இவ்வரலாறு பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவ்வரிசை மட்டும் இவ்வரலாற்றை விளக்கப் போதாது. ஒவ்வொரு காலத்திலும் பரப்பப்பட்ட சைகையின் வடிவமே எத்தீர்வு நிலைக்கும், எத்தீர்வு ஒதுங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது என இக்கட்டுரை வாதிடுகிறது. பல பட்டைகளில் ஒருங்கே இயங்கவேண்டிய இன்றைய பெருக்கியின் சிக்கல், 1936ஆம் ஆண்டுத் தீர்வுக்குள்ளேயே அடங்கியிருந்த ஓர் எல்லையின் வெளிப்பாடு என்பதும் நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: திறன் பெருக்கி, பயனுறுதிறன், நேரியல்பு, அலையுறை, டோகர்ட்டி பெருக்கி, கால் அலைத் தடம், பல பட்டைப் பரப்பி.

முன்னுரை

பேச்சோ படமோ எதுவாயினும், அதனைச் சுமக்கும் மின்சைகை ஆன்டெனாவை அடையுமுன் போதிய வலிமை பெற்றாகவேண்டும். அவ்வலிமையைத் தருவது திறன் பெருக்கி. அது மின்வழங்கியிலிருந்து நேர்மின் திறனைப் பெற்று, அதன் ஒரு பகுதியை உயர் அதிர்வெண் திறனாக மாற்றுகிறது. மாறாத பகுதி வெப்பமாகிறது. வெளிவரும் திறனுக்கும் உட்கொண்ட திறனுக்கும் உள்ள விகிதம் பயனுறுதிறன் எனப்படும். இழப்பு மின்கட்டணத்தோடு முடிவதில்லை. வெப்பத்தை அகற்றக் குளிரூட்டி வேண்டும். அதற்கும் மின்திறன் வேண்டும். மின்கலத்தால் இயங்கும் கருவியாயின் அதன் பயன்பாட்டு நேரம் குறையும்.

இத்துறை குறித்த பாடநூல்கள் பெரும்பாலும் சுற்றமைப்புகளை வகைப்படுத்தி விளக்கி அமைகின்றன. அவை எக்காலத்தில், எத்தேவையால் தோன்றின, இடையில் ஏன் பின்தள்ளப்பட்டன, மீண்டும் ஏன் முன்வந்தன என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இழப்பின் இயல்பு

பெருக்கிகள் ஏ, பி, சி என வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஏ வகுப்புப் பெருக்கியில் மின்னோட்டம் சுழற்சி முழுவதும் பாய்கிறது. அதன் உச்ச அளவுப் பயனுறுதிறன் கோட்பாட்டளவில் 50 விழுக்காடு. பி வகுப்பில் மின்னோட்டம் அரைச்சுழற்சியில் மட்டும் பாய்வதால் அது 78.5 விழுக்காடாக உயர்கிறது. சி வகுப்பில் இன்னும் உயரும். எனினும் உள்ளீட்டின் ஏற்ற இறக்கத்தை வெளியீடு அவ்வாறே பின்பற்றும் நேரியல்பு அங்குக் கெடுகிறது.

இவ்வெண்கள் உச்ச வீச்சில் மட்டுமே பொருந்தும் என்பது இங்கு முதன்மையான செய்தி. பி வகுப்பில் பயனுறுதிறன் வீச்சுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. வீச்சு பாதியாகும்போது 78.5 விழுக்காடு 39 விழுக்காடாகக் குறைகிறது. ஏ வகுப்பிலோ அது வீச்சின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே பாதி வீச்சில் 50 விழுக்காடு 12.5 விழுக்காடாகச் சரிகிறது. எனவே வீச்சு எப்போதும் உச்சத்திலேயே நிற்கும் சைகைக்கு இழப்பு குறைவு. வீச்சு ஏறி இறங்கும் சைகைக்கு இழப்பு மிகுதி. வீச்சின் இந்த ஏற்ற இறக்கத்தைத் தொட்டு வரையப்படும் கோடு அலையுறை எனப்படும். திறன் இழப்பின் வரலாறு பெரிதும் இவ்வலையுறையைக் கையாண்ட வரலாறே.

2. 1935–1936: இரு தீர்வுகளின் தோற்றம்

1930களில் வானொலி ஒலிபரப்பு வீச்சுப் பண்பேற்ற முறையில் நடைபெற்றது. அம்முறையில் அலையுறையே செய்தி. முழுப் பண்பேற்றத்தின் உச்சத்தைத் தாங்கும் வகையில் பெருக்கி அமைக்கப்படும்போது, பண்பேற்றமற்ற ஊர்தி அலை அவ்வுச்சத்தின் பாதி வீச்சிலேயே நிற்கும். அந்நிலையில் பி வகுப்பு நேரியல் பெருக்கியின் நடைமுறைப் பயனுறுதிறன் ஏறத்தாழ 33 விழுக்காடு. 50 கிலோவாட் நிலையத்தை எடுத்துக்கொண்டால் இறுதிக் கட்டம் ஏறக்குறைய 150 கிலோவாட் திறனை உட்கொள்ளும். அதில் 100 கிலோவாட் குழாய்களின் நேர்மின்வாயில் வெப்பமாகும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையம் 1934இல் 500 கிலோவாட் திறனில் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. பரப்பிகளின் அளவு இவ்வாறு பெருகிவந்த காலத்தில் மூன்றில் இரு பங்கு இழப்பு பொருட்படுத்தாது விடத்தக்கதன்று.

பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி ஷிரெக்ஸ் 1935இல் அமெரிக்க வானொலிப் பொறியாளர் கழகத்தின் இதழில் ஒரு தீர்வை வெளியிட்டார். வீச்சு மாறாத இரு அலைகளை இரு பெருக்கிகளில் தனித்தனியே பெருக்கி, அவற்றின் கட்ட வேறுபாட்டை மாற்றிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் வீச்சு மாறும் என்பதே அது. இரு அலைகளும் ஒத்த கட்டத்தில் இருக்கும்போது வெளியீடு உச்சம் பெறும். எதிர்க்கட்டத்தில் அவை ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்.

மறு ஆண்டு அதே இதழில் பெல் தொலைபேசி ஆய்வகத்தின் வில்லியம் எச். டோகர்ட்டி வேறொரு தீர்வை முன்வைத்தார். அதில் இரு குழாய்களும் சமமாகப் பணியாற்றுவதில்லை. வீச்சு உச்சத்தின் பாதியை எட்டும்வரை முதற்குழாய் மட்டும் இயங்கும். அதற்கு இயல்பைவிட இரு மடங்கு சுமைத்தடை காட்டப்படுவதால், பாதி வெளியீட்டிலேயே அது தன் உச்ச மின்னழுத்தத்தை அடைந்து முழுப் பயனுறுதிறனைப் பெற்றுவிடும். அதற்கு மேல் வீச்சு உயரும்போது இரண்டாம் குழாய் விழித்தெழுந்து சுமைக்கு மின்னோட்டம் தரும். அதனால் முதற்குழாய் காணும் சுமைத்தடை படிப்படியாகக் குறைந்து, அதே மின்னழுத்தத்தில் அது கூடுதல் மின்னோட்டம் தரும் நிலை உண்டாகும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இரண்டாம் குழாய் சுமைக்கு மின்னோட்டம் தரும்போது இணைப்பிடத்தில் தோன்றும் தடை உயருமேயன்றிக் குறையாது. அவ்வுயர்வைத் தாழ்வாக மாற்ற டோகர்ட்டி பயன்படுத்தியது கால் அலைத் தடம், அல்லது அதற்கு நிகரான மின்சுற்று. அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு நீளமுள்ள தடம், தன் ஒரு முனையிலுள்ள உயர்ந்த தடையை மறுமுனையில் தாழ்ந்ததாகக் காட்டும். பண்பேற்றம் எதுவாயினும் 60 முதல் 65 விழுக்காடு பயனுறுதிறன் கிட்டுவதாக அவர் அறிவித்தார். 60 விழுக்காடு எனக் கொண்டாலும் மேற்கண்ட 50 கிலோவாட் நிலையத்தின் இழப்பு 100 கிலோவாட்டிலிருந்து ஏறத்தாழ 33 கிலோவாட்டாகக் குறையும். கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் உள்ள டபிள்யூ.எச்.ஏ.எஸ். நிலையம் 1938இல் இவ்வகைப் பரப்பியைப் பயன்படுத்தத் தொடங்கியது.

இத்தீர்வின் உயிர்நிலை கால் அலைத் தடம். அது ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டுமே கால் அலையாகும். வானொலி நிலையம் தனக்கு ஒதுக்கப்பட்ட ஒரே அதிர்வெண்ணில் ஒலிபரப்பியதால் அக்காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை.

3. நிலையான அலையுறையின் காலம்

1950களில் ஷிரெக்ஸின் முறையை ஆர்.சி.ஏ. நிறுவனம் ‘ஆம்ப்ளிஃபேஸ்’ என்னும் பெயரில் ஒலிபரப்புப் பரப்பிகளில் கையாண்டது. 1952இல் லெனார்டு கான் மூன்றாவது வழியொன்றைக் காட்டினார். அலையுறையைச் சைகையிலிருந்து நீக்கி, வீச்சு மாறாத எஞ்சிய அலையைப் பயனுறுதிறன் மிக்க பெருக்கியில் பெருக்கி, பின்பு மின்வழங்கியின் மின்னழுத்தத்தை மாற்றுவதன் வாயிலாக அலையுறையை மீட்டளிப்பது அவ்வழி. ஆக, இன்று கையாளப்படும் மூன்று பெரும் அணுகுமுறைகளும் 1952க்குள் எழுத்தில் பதிவாகிவிட்டன.

எனினும் அடுத்து எழுந்த நகர்பேசித் தொடர்பு இவற்றை நாடவில்லை. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற அதிர்வெண் பண்பேற்றத்தில் செய்தி அதிர்வெண்ணில் உள்ளது. வீச்சு மாறுவதில்லை. 1983இல் சிகாகோவில் வணிகப் பயன்பாட்டிற்கு வந்த முதல் தலைமுறைச் செல்பேசி அமைப்பு அதிர்வெண் பண்பேற்றத்தையே பயன்படுத்தியது. 1991இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். அமைப்பின் பண்பேற்றமும் அலையுறை மாறாத வகையைச் சார்ந்தது. அத்தகு சைகைக்கு நேரியல்பு தேவையில்லை. சி வகுப்பைப் போன்ற எளிய பெருக்கியே போதும். நேதன் சோகல், ஆலன் சோகல் ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஈ வகுப்புப் பெருக்கி, டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் சொடுக்கியாகவே இயக்கி, பயனுறுதிறனைக் கோட்பாட்டளவில் 100 விழுக்காட்டை நோக்கி உயர்த்தியது.

இக்காலத்தில் டோகர்ட்டியின் முறை ஒலிபரப்புத் துறையின் எல்லைக்குள் நின்றது. அது தவறென மெய்ப்பிக்கப்படவில்லை. அதனினும் சிறந்த ஒன்று அதன் இடத்தைப் பிடிக்கவுமில்லை. அது தீர்த்த சிக்கல் நகர்பேசிச் சைகையில் இல்லாமற்போனதே ஒதுக்கத்துக்குக் காரணம்.

4. அலைக்கற்றைச் சிக்கனமும் திறன் செலவும்

பயனர் பெருகப் பெருக அலைக்கற்றை அருமையாயிற்று. ஒரே அகலத்துக்குள் கூடுதல் தரவை அனுப்ப வேண்டுமெனில் வீச்சு, கட்டம் இரண்டிலும் செய்தியை ஏற்றவேண்டும். 2001இல் ஜப்பானில் தொடங்கிய மூன்றாம் தலைமுறைச் சேவை, பல பயனரின் சைகைகளை ஒரே ஊர்தி அலையில் கூட்டிப் பரப்பியது. 2009இல் ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ நகரங்களில் தொடங்கிய எல்.டி.இ. சேவை, நூற்றுக்கணக்கான துணை ஊர்தி அலைகளை ஒருங்கே கூட்டியது. பல அலைகளின் கூட்டுத்தொகை பெரும்பாலான நேரம் தாழ்ந்திருந்து, எப்போதாவது கூர்மையாக உயரும். அந்த அரிய உச்சத்திற்காகவே பெருக்கி அமைக்கப்படவேண்டும். மற்ற நேரமெல்லாம் அது தன் வலிமையின் சிறு பகுதியிலேயே இயங்கும்.

உச்சம் சராசரியைவிட 8 டெசிபல் மிகுதியாயின், அச்சராசரி அளவில் பி வகுப்புப் பெருக்கியின் கோட்பாட்டுப் பயனுறுதிறன் 31 விழுக்காடு. 10 டெசிபல் எனில் 25 விழுக்காடு. 1930களின் வானொலிப் பொறியாளர் எதிர்கொண்ட 33 விழுக்காட்டைவிட இது தாழ்வு. அலைக்கற்றையில் சேமித்ததற்கான விலை மின்திறனில் செலுத்தப்பட்டது.

இந்நிலையிலேயே பழைய தீர்வுகள் திரும்பின. டி. சி. காக்ஸ் 1974இல் நேரியல்பற்ற பெருக்கிகளைக் கொண்டே நேரியல் பெருக்கம் பெறும் வழியாக ஷிரெக்ஸின் கருத்துக்குப் புதுவடிவம் அளித்திருந்தார். ஃபிரெடரிக் ராப் 1985, 1987ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் முறையே ஷிரெக்ஸ், டோகர்ட்டி முறைகளின் பயனுறுதிறனைக் கணித முறையில் பகுத்தாய்ந்தார். 2000க்குப் பின் டோகர்ட்டி அமைப்பு செல்பேசிக் கோபுரங்களின் பெருக்கிகளில் பரவலாக இடம்பெற்றது. கானின் சிந்தனையோடு உறவுடைய அலையுறை பின்தொடர் முறை 2013 முதல் கைபேசிகளுக்குள் நுழைந்தது.

இத்திரும்பலுக்கு இலக்கமுறைக் கணிப்பு துணைநின்றது. டோகர்ட்டி அமைப்பில் எழும் திரிபினைப் பெருக்கிக்கு முன்னரே எதிர்த்திரிபு கலந்து சமன்செய்யும் முன்திரிபு முறை அதனால் இயலுவதாயிற்று. அதற்குமுன் இப்பணிக்குக் கையாளப்பட்ட முன்னூட்ட முறையும் பழமையானதே. அது ஹெரால்டு பிளாக் 1920களில் கண்டறிந்தது. பிழையைப் பிரித்தெடுத்துப் பெருக்கி நீக்க அதற்கு மற்றொரு பெருக்கி தேவைப்பட்டது. அப்பெருக்கியும் திறனை உண்டதால், திரிபு குறைந்தபோதும் இழப்பு குறையவில்லை.

சைகை பெருக்கியைத் தீர்மானித்ததுபோல், அரிதாகப் பெருக்கியும் சைகையைத் தீர்மானித்தது. எல்.டி.இ. தரநிலையில் கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் திசையில் ஒரு பண்பேற்றமும், கைபேசியிலிருந்து செல்லும் திசையில் உச்சம் குறைந்த மற்றொரு வடிவமும் வகுக்கப்பட்டன. கைபேசிப் பெருக்கியின் இழப்பைக் குறைப்பது இத்தெரிவின் முதன்மையான நோக்கம். இவ்விதிவிலக்கும் சைகை வடிவமே அடிப்படை என்னும் கருத்தை வலுப்படுத்துகிறது.

5. பல பட்டைகள்: கால் அலைத் தடத்தின் எல்லை

நாடுகள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அதிர்வெண் பட்டைகளை ஒதுக்கியமையால், ஒரே கோபுரம் பல பட்டைகளில் பரப்பவேண்டியதாயிற்று. பட்டைக்கொரு பெருக்கி அமைப்பது எளிது. ஆயின் எடை, இடம், செலவு யாவும் பெருகும். ஒரே பெருக்கி பல பட்டைகளைக் கையாளவேண்டும் என்னும் தேவை எழுந்தபோது 1936இல் குறையாகத் தோன்றாத எல்லை வெளிப்பட்டது.

ஜி.எஸ்.எம். அமைப்பின் 900, 1800 மெகாஹெர்ட்சுப் பட்டைகளை எடுத்துக்கொள்ளலாம். 900 மெகாஹெர்ட்சில் அலைநீளம் ஏறத்தாழ 33 செ.மீ. கால் அலை 8.3 செ.மீ. அதே 8.3 செ.மீ. தடம் 1800 மெகாஹெர்ட்சில் அரை அலை நீளமுடையது. அரை அலைத் தடம் தடையைத் தலைகீழாக்காது, உள்ளவாறே காட்டும். எனவே இரண்டாம் பெருக்கி விழித்தெழும்போது முதற்பெருக்கி காணும் தடை குறைவதற்கு மாறாக உயரும். ஏற்கெனவே உச்ச மின்னழுத்தத்தில் உள்ள முதற்பெருக்கி அப்போது திறனைக் கூட்ட இயலாமல் குறைக்கும். டோகர்ட்டியின் தத்துவம் அப்பட்டையில் நேர்எதிராகச் செயற்படுகிறது. மிகுதியாகப் பயன்பட்ட இணைப் பட்டைகளிலேயே இது நேர்கிறது என்பது குறிக்கத்தக்கது.

இரண்டாவது சிக்கல் அலையுறையைச் சார்ந்தது. சம திறனுடைய இரு பட்டைச் சைகைகள் ஒரே பெருக்கியில் ஒருங்கே செல்லும்போது சராசரித் திறன் இரு மடங்காகும். இரண்டின் உச்சங்களும் ஒரே கணத்தில் கூடினால் மின்னழுத்தங்கள் கூடுவதால் உச்சத் திறன் நான்கு மடங்காகும். அம்மிக மோசமான நிலையில் உச்ச-சராசரி விகிதம் 3 டெசிபல் உயர்கிறது. 8 டெசிபலில் 31 விழுக்காடாயிருந்த பி வகுப்புப் பயனுறுதிறன் 11 டெசிபலில் 22 விழுக்காடாகிறது. மேலும் ஒரு பட்டையின் அலையுறை மறுபட்டையின் சைகையைத் திரிக்கிறது.

இச்சிக்கல்களுக்கான விடைகள் மூன்று திசைகளில் அமைந்தன. முதலாவது, தடத்தைத் திருத்துதல். சௌ, வான் ஆகியோர் 2002இல் இரு பகுதிகளாக அமைந்த தடமொன்று, ஓர் அதிர்வெண்ணிலும் அதன் இரு மடங்கிலும் ஒருங்கே தடைகளைப் பொருத்தும் எனக் காட்டினர். மேற்கண்ட 900, 1800 இணை இத்தகையதே. 2003இல் சீசர் மான்சோன் இதனை விரும்பிய எவ்விரு அதிர்வெண்களுக்கும் பொதுமைப்படுத்தினார். இத்தகைய ஆய்வுகள் இரு பட்டைச் சுற்றுகளின் வடிவமைப்புக்கு அடித்தளமாயின.

இரண்டாவது, திரிபினைத் திருத்துதல். கால்கரி பல்கலைக்கழகத்தின் பாஸ்ஸாம், ஹெலாவி, கன்னூச்சி ஆகியோர் 2011இல் இரு பரிமாண முன்திரிபு முறையை வெளியிட்டனர். ஒவ்வொரு பட்டையின் திருத்தமும் இரு பட்டைகளின் அலையுறைகளையும் கணக்கிற்கொண்டு அமையவேண்டும் என்பது அதன் சாரம். பட்டைகளுக்கு இடைப்பட்ட பரந்த வெளியைக் கணிக்கவேண்டிய சுமை இதனால் நீங்கியது.

மூன்றாவது, தடத்தின் மீதான சார்பையே தளர்த்துதல். ஸ்டீவ் கிரிப்ஸும் உடன்பணியாற்றியோரும் 2009இல், உயர் பயனுறுதிறன் ஒரேயொரு சுமை நிலைக்கு உரியதன்று, அது தொடர்ச்சியான பல நிலைகளிலும் கிட்டும் என்று நிறுவினர். 2016இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில், சமநிலைப் பெருக்கியின் இணைப்பியிலுள்ள பயன்படாத வாயில் வழியே கட்டுப்பாட்டுச் சைகையொன்றைச் செலுத்திச் சுமையை மாற்றும் அமைப்பு வெளியிடப்பட்டது. சுமையை வேறொரு பெருக்கியின் துணையால் மாற்றுவது டோகர்ட்டியின் கருத்து. அதனை ஒற்றை அதிர்வெண் தடத்தின் பிடியிலிருந்து விடுவித்தது இவ்வமைப்பின் பங்களிப்பு.

6. கருவி வளர்ச்சியின் பங்கு

இவ்விளக்கத்திற்கு ஒரு மறுப்பு எழலாம். 1990களில் கோபுரப் பெருக்கிகளில் இடம்பெற்ற சிலிக்கான் எல்.டி.மாஸ் டிரான்சிஸ்டரும், பின்னர் வந்த காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரும் இல்லாமல் இம்முன்னேற்றம் நிகழ்ந்திராது என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. காலியம் நைட்ரைடு உயர் மின்னழுத்தத்தைத் தாங்குவதால், அதே திறனுக்குச் சிறிய டிரான்சிஸ்டர் போதும். அதன் மின்தேக்கு திறன் குறைவு, உகந்த சுமைத்தடை உயர்வு. அகன்ற அதிர்வெண் எல்லையில் பொருத்தம் காண இவையிரண்டும் உதவுகின்றன.

ஆயினும் பி வகுப்பில் பாதி வீச்சில் பயனுறுதிறன் பாதியாவது கருவியின் குறை அன்று. அது சுற்றின் இயல்பு. எத்தகு சிறந்த டிரான்சிஸ்டரும் அவ்விதியை மாற்றாது. கருவி வளர்ச்சி, சுற்றமைப்புக் கருத்துகள் செயற்படும் அதிர்வெண்ணையும் அகலத்தையும் விரித்தது. எக்கருத்து தேவை என்பதைச் சைகை தீர்மானித்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதது.

7. இந்தியச் சூழல்

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. மின்வழங்கல் சீராக இல்லாத ஊரகப் பகுதிகளில் கோபுரங்கள் டீசல் மின்னாக்கிகளைச் சார்ந்தன. 2012இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, 2015க்குள் ஊரகக் கோபுரங்களில் 50 விழுக்காடும் நகரக் கோபுரங்களில் 20 விழுக்காடும் கலப்பு ஆற்றலில் இயங்கவேண்டும் என இலக்கு வகுத்தது. 2016இல் தொடங்கிய புதிய எல்.டி.இ. சேவை 850, 1800, 2300 மெகாஹெர்ட்சு என்னும் மூன்று பட்டைகளைக் கையாண்டது. ஆற்றலின் மூலத்தை மாற்றுவதைப் போன்றே, பெருக்கியில் வெப்பமாகும் ஆற்றலைக் குறைப்பதும் டீசல் செலவைக் குறைக்கும் வழி. பல பட்டைப் பெருக்கியின் சில விழுக்காட்டு முன்னேற்றம் இங்கு எரிபொருளாகவே கணக்கிடத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பெருக்கியின் திறன் இழப்பைக் குறைக்கும் அடிப்படைக் கருத்துகள் 1935, 1936, 1952 ஆகிய ஆண்டுகளிலேயே பதிவாகிவிட்டன. அவை பின்னர் நகர்பேசித் துறையில் ஒதுங்கியதும் திரும்பியதும் சைகையின் அலையுறை மாறியதன் விளைவு.

அலைக்கற்றைச் சிக்கனமும் திறன் சிக்கனமும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் இழுத்துள்ளன. ஒவ்வொரு தலைமுறையின் தரவு வளர்ச்சியை மதிப்பிடும்போதும் அதற்கீடாகச் செலவான மின்திறனையும் சேர்த்து மதிப்பிடுதல் வேண்டும்.

பல பட்டைச் சிக்கல், கால் அலைத் தடம் ஓர் அதிர்வெண்ணுக்கே உரியது என்னும் தொடக்கநிலை எல்லையின் பிற்கால விளைவு. ஒரு தீர்வு தோன்றிய காலத்தில் எவ்வெல்லை பொருட்படுத்தப்படவில்லையோ, சூழல் மாறும்போது அதுவே முதற்சிக்கலாகிறது. ஆகவே தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர், ஒரு கண்டுபிடிப்பு எதைத் தீர்த்தது என்பதோடு, அது எதைத் தீர்க்கத் தேவையில்லாதிருந்தது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.